டைர்உல்ஃபில் 2200 ஹெர்ட்ஸ் தொனி மட்டும் பலவீனமாக வருகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. சர்வதேச விண்வெளி நிலையத்தின் 145.825 மெகாஹெர்ட்ஸ் பாக்கெட்டுகளைப் (ஒலித் தொனிகளாக வரும் சிறு தரவுத் துண்டுகள்) பிடிக்க, கைரேடியோவின் இயர்போன் துளையிலிருந்து யூஎஸ்பி சவுண்ட்கார்டு வழியாக ராஸ்பெர்ரி பை சிறு கணினிக்கு ஒலியைக் கொடுத்து, பாக்கெட்டுகளைப் பிரித்துப் படிக்கும் டைர்உல்ஃப் மென்பொருளை ஓட்டுகிறேன்.

மிகச் சில பாக்கெட்டுகளே பிரிகின்றன. ஒலி அளவு 46 என்று காட்டுகிறது, அது நல்ல அளவுதான். ஆனால் பக்கத்திலேயே அடைப்புக்குறிக்குள் வரும் இரண்டு எண்களில் (தரவைச் சுமக்கும் இரு தொனிகளின் அளவு) 1200 ஹெர்ட்ஸுக்கு 18, 2200 ஹெர்ட்ஸுக்கு வெறும் 4. ஸ்பீக்கர் ஒலியில் உயர் அதிர்வெண்ணை ரேடியோவே குறைப்பதால் இப்படி ஆகிறதா, இல்லை சவுண்ட்கார்டின் மைக் உள்ளீடு காரணமா? இதை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? ஒலி அமைப்புக் கருவியான அல்சாமிக்சரில் ஆட்டோ கெயினை (ஒலியைத் தானாகக் கூட்டிக் குறைப்பது) அணைத்தாயிற்று. டைர்உல்ஃபோடு வரும் ஜென்பாக்கெட்ஸ் உண்டாக்கிய சோதனை ஒலிக் கோப்பை, அதோடு வரும் ஏடெஸ்ட் முழுதாகப் படித்துவிடுகிறது, அதனால் மென்பொருள் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

அப்புறம் இன்னொன்று. டைர்உல்ஃபை நிறுத்திவிட்டு ஏரெக்கார்டு என்ற ஒலிப்பதிவுக் கட்டளையில் நொடிக்கு 44100 மாதிரி வேகத்தில், 16 பிட், ஒற்றைச் சேனலாகப் பதிவு செய்து (நிமிடத்துக்கு 5 எம்பி போல வரும்), கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் மூலம் லேப்டாப்புக்கு இழுத்து அங்கே ஏடெஸ்டில் பார்க்கிறேன். பதிவு ஓடிக்கொண்டிருக்கும் கோப்பையும் ஆர்சிங்க் சேர்த்து எடுத்துவிடுகிறது, வாவ் கோப்பின் தலைப்பில் நீளம் கடைசியில்தான் சரியாக எழுதப்படும் என்பதால் அந்த நகல் பயன்படுவதில்லை. முடிந்த கோப்பை மட்டும் வேறு அடைவுக்கு மாற்றி அங்கிருந்து நகலெடுப்பதா, ஆர்சிங்கிலேயே வழி இருக்கிறதா?

இயர்போன் துளையிலிருந்தே நன்றாக எடுப்பவர்கள் யாராவது இருந்தால் உங்கள் அந்த இரண்டு எண்களையும் ரேடியோ மாடலையும் சொல்லுங்கள், ஒப்பிட்டுப் பார்க்க ரொம்ப உதவியாக இருக்கும்.