பிரேம் இல்லாமல் சுவரில் படம்: பட்டதைச் சொல்லுங்கள்

நீலச்சுவர்:
படத்தைக் கழற்றும்போது ஒட்டு ஸ்ட்ரிப்போடு உள்ளங்கை அகலத்துக்குப் பெயிண்ட் பெயர்ந்து வரும், அடியில் புட்டி வெள்ளையாகத் தெரியும். அந்தக் காட்சி மனசை விட்டுப் போகாது. பெரும்பாலும் கோளாறு இழுக்கும் திசையில்தான். இழுத்தால் நீளும் ரக ஸ்ட்ரிப்பின் வாலை, அதாவது கீழே நீட்டிக்கொண்டிருக்கும் முனையை, சுவரை ஒட்டியே, நேர் கீழாக, மெதுவாக இழுக்க வேண்டும். பட்டை நீள நீளப் பசை தானாக விட்டுக்கொடுக்கும். நம் பக்கமாக இழுத்தால் பெயிண்டும் கூடவே வந்துவிடும். வால் பாதியில் அறுந்தால் ஹேர் டிரையரால் சூடு காட்டி, பின்னால் தூண்டில் நரம்பை விட்டு ரம்பம்போல் அறுத்தெடுங்கள்.

ஒட்டும்போதும் அவசரம் கூடாது. சுவரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 30 நொடி அழுத்தி, ஒரு மணி நேரம் விட்டுப் படத்தை ஏற்றுங்கள். புதுப் பெயிண்ட் என்றால் ஒரு வாரமாவது ஆற வேண்டும். தடவினால் விரலில் மாவு ஒட்டுகிற சுண்ணாம்புச் சுவரில் இந்த வேலையே வேண்டாம்.

காகிதப்பூ:
சுவர் போனால் பெயிண்ட் அடித்துக்கொள்ளலாம். படம் போனால்? கையால் பிசைந்து ஒட்டுகிற பசைக்களியை நாலு மூலையிலும் வைத்த ஓவியத்தைச் சில மாதம் கழித்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நாலு மூலையிலும் எண்ணெய் ஊறி, காகிதம் கண்ணாடிபோல் ஆகியிருக்கும். நாருக்குள் இறங்கிய எண்ணெயை வீட்டில் வைத்து எடுக்க முடியாது. செலோ டேப் இன்னும் மோசம், பசை மஞ்சளாகிக் காகிதத்துக்குள் இறங்கிவிடும்.

கையால் வரைந்த மூலப்படத்தில் பசையே படக் கூடாது. அமிலமில்லாத அட்டையில் போட்டோ கார்னர்களை (மூலையைப் பிடிக்கும் சின்ன முக்கோண உறைகளை) ஒட்டி, படத்தின் மூலைகளை அவற்றில் செருகி, அட்டையை மட்டும் தொங்கவிடுங்கள். ஒட்டித்தான் ஆக வேண்டும் என்றால் மெல்லிய ஜப்பானியக் காகிதத் துண்டும் கோதுமை ஸ்டார்ச் கூழும் போதும். மேல் விளிம்பில் மட்டும் இரண்டு இடம். நாலு பக்கமும் ஒட்டினால் ஈரக்காற்றில் காகிதம் விரிய இடமில்லாமல் அலை அலையாக எழும்பும்.

கிளிப்:
ஆணியில் பைண்டர் கிளிப் மாட்டி அதில் தொங்கவிடலாம், ரொம்ப எளிது. ஆனால் கிளிப்பின் வாய் பட்ட இடத்தில் ஒரு வடு நிரந்தரமாக விழும். சின்னதாக ஒரு அட்டையை மடித்து இடையில் கொடுங்கள். பெரிய போஸ்டருக்குத் தாளை இருபுறமும் கவ்வும் காந்தம் வைத்த மரத்துண்டுப் பட்டைகள், மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. கீழ்ப்பட்டையை விட்டுவிட்டால் சுருண்டே தொங்கும்.

தட்டி:
5 மி.மீ. ஃபோம் போர்டில் (நடுவே நுரை வைத்த லேசான அட்டையில்) பிரிண்டைத் தண்ணீர்ப் பசையால் ஒட்டினால் மறுநாள் போர்டு கிண்ணம்போல் முன்பக்கம் வளைந்து நிற்கும். ஈரத்தில் விரிந்த காகிதம் காயும்போது சுருங்கி இழுக்கிறது. பின்பக்கமும் அதே கனக் காகிதத்தை அதே பசையால் ஒட்டுங்கள், இரண்டு இழுப்பும் சமமாகிவிடும்.

யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: எதில் மாட்டினாலும் உயரத்தைக் கணக்குப் பண்ணிவிட்டு ஆணி அடியுங்கள். படத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. இருந்தால் நின்று பார்க்கக் கண்ணுக்கு வாகாக இருக்கும். 60 செ.மீ. உயரப் படம், மாட்டும் கொக்கி மேல் விளிம்பிலிருந்து 5 செ.மீ. கீழே என்றால், 145-உடன் பாதி உயரம் 30-ஐக் கூட்டி 5-ஐக் கழியுங்கள். ஆணி 170-இல். பல படங்கள் என்றால் பழைய செய்தித்தாளை அதே அளவில் வெட்டி, சுவரில் லேசாக ஒட்டி, 5 செ.மீ. இடைவெளியில் நகர்த்திப் பார்த்துவிட்டு அடியுங்கள். மறுபக்கம் வெளியே இருக்கிற சுவர் என்றால் போர்டின் பின்னால் நாலு மூலையிலும் ரப்பர் பொட்டு ஒட்டுங்கள். காற்று போகாவிட்டால் ஈரம் தங்கிப் பூஞ்சை வரும்.

தெளிவு:
அக்ரிலிக் பற்றி யாரும் சொல்லவில்லையே. இரண்டு அக்ரிலிக் தகடுகளுக்கு நடுவே போட்டோவை வைத்து ஸ்டாண்ட்-ஆஃப் திருகு (சுவரிலிருந்து தகட்டைத் தள்ளி நிறுத்தும் திருகு) போட்டால் பார்க்க அழகுதான். ஆனால் ஈரக்காற்றில் போட்டோவின் மேல்பூச்சான ஜெலட்டின் இளகித் தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் முகம் தகட்டிலும் வெறும் தாள் கையிலுமாக வரும். ஒட்டிப்போனதைப் பிய்க்காதீர்கள், தகட்டோடு சேர்த்தே ஸ்கேன் எடுத்துவிடுங்கள். புதிதாக மாட்டுகிறவர்கள் விளிம்பைச் சுற்றி 2 மி.மீ. அட்டைப் பட்டை வைத்து இடைவெளி விடுங்கள். இங்க்ஜெட் பிரிண்ட் என்றால் மேலே சாதாரணத் தாள் மூடி 24 மணி நேரம் காயவிடுங்கள். இல்லாவிட்டால் மையிலிருந்து கிளம்பும் ஆவி தகட்டின் உள்பக்கம் மூடுபனியாகப் படியும்.

நீலச்சுவர்:
@தட்டி, 145 எல்லா இடத்துக்கும் பொருந்தாது. சோபாவுக்கு மேலே என்றால் சாய்மானத்தின் விளிம்பிலிருந்துதான் அளக்க வேண்டும். 15 முதல் 20 செ.மீ. விட்டுப் படத்தின் கீழ்விளிம்பு வரட்டும். சாய்ந்து உட்காருபவர் தலை இடிக்குமா என்று ஒருவரை உட்காரவைத்துப் பார்த்துவிட்டு ஆணி அடியுங்கள்.