பிடித்த இசை நாடகம் எது? சொல்லி உதவுங்கள்

வணக்கம். லண்டனில் இருக்கும் மச்சாள் 'லே மிசெரபிள்' இசை நாடகம் பார்த்துவிட்டு, பாட்டாலேயே கதை சொல்வது அங்குள்ளவர்களுக்குத்தான் கைவந்த கலை என்கிறாள். சரி, 1985இல் அங்கே மேடையேறியது இன்னமும் ஓடுகிறது, சும்மா இருக்காது. ஆனால் காங்கேசன்துறை இசை நாடகக் கலைஞர் நடிகமணி வி. வி. வைரமுத்துவின் அரிச்சந்திர மயான காண்டத்தை அவள் கேட்டதே இல்லை! (நானும் கசெற்றில் கேட்டதுதான். அம்மம்மா கோயில் வீதியில் விடிய விடியப் பார்த்தவர்.) மகனின் உடலோடு சுடலைக்கு வரும் சந்திரமதியிடம் அரிச்சந்திரன் காற்பணமும் முழத்துண்டும் கேட்கிற இடம் வெறும் வசனமாக வந்தால் கொடுமை மட்டும்தான் தெரியும். ஆர்மோனியத்தோடு பாட்டாக வரும்போது அவன் உள்ளே உடைவதும் கேட்கும்.

அடுத்த விடுமுறைக்கு யாழ்ப்பாணம் வருகிறாள். ஒரேயொரு இசை நாடகம்தான் காட்டலாம் என்றால் எதைத் தெரிவு செய்வீர்கள்? சத்தியவான் சாவித்திரியா, பவளக்கொடியா, நந்தனாரா? ஏன் என்றும் எழுதுங்கள். 'எல்லாமே நல்லது' என்ற பதில் மட்டும் வேண்டாம். இப்போது எந்தக் கோயில் திருவிழாவில் முழுதாக மேடையேறுகிறது, நல்ல ஒலிப்பதிவு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்களும் சொல்லுங்கள். அவளுக்கு ஒரு இரவு நித்திரை போனால் பரவாயில்லை.