கணக்குப்படி சங்கிலி விட்டும் நங்கூரம் இழுபட்டது, எங்கே தப்பு?

பாய்க்காரன்:
9 மீட்டர் பாய்மரப் படகு, நானும் தம்பியும். கரையோரமாகவே போய் மூன்றாம் நாள் சாயங்காலம் ஒரு திறந்த வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். ஆழம் 3 மீட்டர், ஆழத்தைப் போல ஐந்து மடங்கு என்று 15 மீட்டர் சங்கிலி விட்டேன். காற்று கரையிலிருந்து வந்ததால் தண்ணீர் குளம் மாதிரி கிடந்தது. நள்ளிரவில் காற்று திரும்பிக் கடலிலிருந்து அடிக்க, சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால் பாறை 30 மீட்டர்கூட இல்லை. எஞ்சின் உடனே பிடித்ததால் தப்பினோம்.

பழைய அணியம்:
தம்பி, ஆழத்தை மட்டும் எடுத்தால் எப்படி? அணியம், அதாவது படகின் முன்முனை, தண்ணீருக்கு மேலே 1 மீட்டராவது இருக்கும். வற்றத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கியிருக்கும்போது போட்டு, பிறகு தண்ணீர் 2 மீட்டர் ஏறியிருந்தால் மொத்தம் 6, அப்போது 30 மீட்டர் வேண்டும். நீங்கள் விட்டது இரண்டரை மடங்குதான். சங்கிலி தரையோடு படுத்திருந்தால்தான் நங்கூரம் மண்ணைக் கிழித்து உள்ளே போகும், மேல்நோக்கி இழுத்தால் பெயர்ந்து வந்துவிடும். சங்கிலி குறைவாகவும் கயிறு அதிகமாகவும் இருந்தால் ஏழு மடங்கு.

உப்புக்கை:
அடியில் என்ன, மணலா பாசியா? போட்டதும் எஞ்சினைப் பின்னோக்கிக் கொடுத்து இழுத்துப் பார்த்தீர்களா? அப்போது சங்கிலியில் கை வைத்துப் பாருங்கள், தடதடவென்று அதிர்ந்தால் நங்கூரம் தரையில் உராய்ந்துகொண்டு வருகிறது. ஜிபிஎஸ் அலாரமும் வையுங்கள், ஆனால் அது இழுபட்ட பிறகுதான் கத்தும்.

பாய்க்காரன்:
வற்றம்தான், பாசியும் இருந்தது. இழுத்துப் பார்க்கவில்லை. ஆனால் அண்ணா, 30 மீட்டர் விட்டிருந்தால் காற்று திரும்பும்போது படகு சுற்றிப் பாறைக்கே போயிருக்குமே?

பழைய அணியம்:
அப்படியென்றால் அது மதியம் சாப்பிட நிற்கிற இடம், தூங்குகிற இடமில்லை. வெளிச்சம் இருக்கும்போதே கிளம்பியிருக்க வேண்டும். நிற்கத்தான் வேண்டும் என்றால், இருட்டில் வெளியேறும் திசையைக் காம்பஸில் பார்த்து முன்பே எழுதி வையுங்கள். சங்கிலியின் கடைசி முனையைப் படகோடு கயிற்றால் கட்டுங்கள், அவசரத்தில் வெட்டிவிடலாம். வெட்டுவதற்கு முன் அதில் ஒரு மிதவை. நான் ஒருமுறை அப்படி விட்டுவிட்டு இரவெல்லாம் வெளியே பாயைச் சுருக்கி ஓட்டிக்கொண்டிருந்தேன், மறுநாள் வந்து மிதவையைப் பிடித்து எடுத்தேன், தூக்கம் போனதுதான் நஷ்டம்.

பாய்க்காரன்:
இப்போதுதான் போய்ப் பார்த்தேன். முனையை இரும்பு வளையத்தில் பூட்டி வைத்திருக்கிறேன், பூட்டு துருப்பிடித்துத் திறக்கவே மாட்டேன் என்கிறது.