நேபாளம்: டிசம்பரில் குறைந்த செலவில் எங்கெல்லாம் போகலாம்?

சிங்கை வெண்ணிலா:
டிசம்பர் பள்ளி விடுமுறையில் நானும் அம்மாவும் இமயமலைப் பக்கம் போகலாம் என்றிருக்கிறோம். முதலில் பூட்டானைத்தான் நினைத்தோம். ஆளுக்கு ஓர் இரவுக்கு 100 அமெரிக்க டாலர் அரசுக் கட்டணம் என்று தெரிந்ததும் அந்த ஆசையை மூட்டை கட்டிவிட்டு நேபாளத்துக்கு மாறினோம். இருவருக்கும் சிங்கப்பூர் பாஸ்போர்ட். அம்மாவுக்கு மூட்டுவலி, மலையேற்றம் வேண்டாம். பனிமலை கண்ணில் பட வேண்டும், பணப்பை காலியாகக் கூடாது. ஏஜென்சிக்காரர்கள் காத்மாண்டு, சித்வான், போக்ரா, ஹெலிகாப்டர் என்று ஒரே பட்டியலையே நீட்டுகிறார்கள். வேறு வழி உண்டா?

கண்டகிக்கரை:
போக்ராவில் சில காலம் வேலை பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். ஹெலிகாப்டரை முதலில் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். அடுத்து, தமேலில் தங்காதீர்கள். காத்மாண்டில் இறங்கும் வெளிநாட்டவரையெல்லாம் டாக்சிக்காரர்கள் அங்கேதான் கொண்டுபோய்த் தள்ளுகிறார்கள். விமான நிலையத்திலிருந்து நேரே கிழக்கே பக்தபூருக்குப் போங்கள்.

பக்தபூருக்குள் நுழைய உங்களுக்கு 1,500 நேபாள ரூபாய்க்கு மேல் கட்டணம். கேட்டதும் சுருக்கென்றிருக்கும். ஆனால் பாஸ்போர்ட்டைக் காட்டினால் அதே சீட்டைச் சில நாட்களுக்கு நீட்டித்துத் தருவார்கள். சீட்டு வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். பகலில் வரும் கூட்டம் பொழுது சாயும் முன் காத்மாண்டுக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு ஊர் ஊர்க்காரர்களுடையது, அங்கே தங்குகிற உங்களுடையது. 1702இல் கட்டிய ஐந்தடுக்கு நியாதபோலா கோயிலின் படிகளில் போய் உட்காருங்கள். படிக்கட்டின் இருபுறமும் அடியில் இரண்டு மல்லர்கள், அவர்களுக்கு மேல் யானைகள், அதற்கு மேல் சிங்கங்கள் என்று அடுக்கிக்கொண்டே போகும். ஒவ்வொன்றும் தனக்குக் கீழே இருப்பதைவிடப் பத்து மடங்கு பலமுள்ளது என்பது ஊர்க்கணக்கு. 2015 நிலநடுக்கத்தில் அந்த ஊரில் எத்தனையோ சரிந்தன, இது நின்றது. கீழே வந்தால் மண்சட்டியில் ஜுஜு தௌ என்ற தயிர் விற்பார்கள். இனிப்பாக, கரண்டியைக் குத்தினால் நிற்கும் கெட்டி. அம்மாவுக்குக் கட்டாயம் வாங்கிக் கொடுங்கள்.

அங்கிருந்து போக்ராவுக்குப் பஸ் ஏறுகிறவர்கள் தூங்கிக்கொண்டே கடந்துவிடும் இடம் டும்ரே. அங்கே இறங்கி, மலைமேல் எட்டு கிலோமீட்டர் ஜீப்பில் போனால் பந்திபூர். திபெத் வணிகம் நடந்த காலத்தில், காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் பூர்வகுடிகளான நேவார் மக்கள் வாழ்ந்த ஊர். கடைத்தெருவில் வண்டிகள் கிடையாது, கல் பாவிய தரை, மர வேலைப்பாடுள்ள ஜன்னல்கள். டிசம்பரில் வானம் தெளிவாக இருக்கும். மூட்டுவலிக்காரர் ஓரிடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தே அன்னபூர்ணாவையும் மனாஸ்லுவையும் பார்க்கலாம். இரண்டு இரவு தங்குங்கள். போக்ரா எங்கும் ஓடிப்போகாது.

சாப்பாட்டுக்குத் தால்பாத். சோறும் பருப்பும் காயும் கேட்கக் கேட்கப் போடுவார்கள், கறி மட்டும் ஒரு தடவைதான். பீட்சா பக்கம் போனால்தான் பில் ஏறும். விலைப்பட்டியலில் 13 சதவீத வரி சேர்ந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏடிஎம்மில் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் கட்டணம் பிடிப்பார்கள், மொத்தமாக எடுத்துவிடுவது லாபம்.

யாழ் அகிலன்:
விசா பற்றி: இலங்கைக்காரர்களான எங்களைப் போன்ற சார்க் (தெற்காசியக் கூட்டமைப்பு) நாட்டவருக்கு ஆண்டில் முதல் 30 நாள் இலவசம். உங்களுக்கு 15 நாளுக்கு 30 டாலர், 30 நாளுக்கு 50 டாலர்; விமான நிலையத்திலேயே தருவார்கள். நான் கோரக்பூரிலிருந்து பஸ்ஸில் சோனௌலி வந்து, எல்லையை நடந்தே கடந்து, புத்தர் பிறந்த லும்பினிக்குப் போனேன். அங்கே கொரிய மடத்தில் மிகக் குறைந்த செலவில் படுக்கையும் சாப்பாடும் கிடைத்தன. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அக்கா.

கண்டகிக்கரை:
அகிலன், லும்பினி நல்ல யோசனைதான், ஆனால் மார்ச்சில். டிசம்பர் கடைசியில், லும்பினி இருக்கும் தெற்குத் தெராய் சமவெளியைப் பனிமூட்டம் மூடிக்கொள்ளும். சூரியனைப் பார்க்கவே மதியம் ஆகலாம், பஸ்கள் ஊர்ந்துதான் வரும். சித்வானும் அதே சமவெளிதான். அந்த மாதத்தில் மேடு ஏறியவருக்கே வெயில்.

சிங்கை வெண்ணிலா:
மிக்க நன்றி, அண்ணா. ஒன்று விட்டுப்போயிற்று. முக்திநாத் திவ்விய தேசம் என்று யாரோ சொன்னதிலிருந்து அம்மா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார். முடியுமா?

கண்டகிக்கரை:
முடியும், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். போக்ரா சுமார் 800 மீட்டர் உயரம், முக்திநாத் 3,700க்கும் மேல். காலையில் ஜீப்பில் ஏறி மாலையில் போய் நின்றால் தலைவலியும் வாந்தியும்தான் பிரசாதம். சாலையும் உலுக்கி எடுக்கும். வழியில் மார்பாவிலோ காக்பேனியிலோ படுத்து எழுந்து, மறுநாள் மேலே போய் தரிசனம் முடித்துக் கீழே வந்துவிடுங்கள். ராணிபௌவா ஊரிலிருந்து கோயில் வரை ஏற்றம்; நடக்க முடியாதவர்களுக்குக் குதிரை உண்டு. கோயிலின் நூற்றெட்டு நீர்த்தாரைகளிலும் குளித்தே தீருவேன் என்று அம்மா அடம்பிடித்தால், டிசம்பரில் தலையில் தெளித்துக்கொண்டாலே போதும் என்று சொல்லுங்கள். இரவில் அங்கே தண்ணீர் உறைகிற குளிர்.

அன்னபூர்ணா பாதுகாப்புப் பகுதிக்கான அனுமதி உங்களுக்கு ஆளுக்கு 3,000 ரூபாய். சார்க் நாட்டவருக்கு 1,000. அறை வாடகை குறைவு, ஆனால் இரவுச் சாப்பாட்டை அதே விடுதியில்தான் சாப்பிட வேண்டும் என்பது அந்தப் பக்கத்து எழுதாத சட்டம். முக்திநாத்துக்குக் கீழே உள்ள ஜோம்சோம் ஊரிலிருந்து போக்ராவுக்கு விமானமும் இருக்கிறது. முன்பகலிலேயே கண்டகிப் பள்ளத்தாக்கில் காற்று கிளம்பிவிடுவதால் காலையில் மட்டும் பறக்கும், அதுவும் அடிக்கடி ரத்தாகும். சிங்கப்பூர் விமானத்துக்கு முந்தைய நாள் ஜோம்சோமில் இருக்காதீர்கள்.