சாம்பார் கறையும் சோபா கோட்டிங்கும்: வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

சி.வி.ராமன் நகர் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூரில் இருக்கிறோம். புது சோபா, வெளிர் கிரீம் நிறம், பாலியெஸ்டர் துணி. வாங்கும்போதே கடையில் ‘கறை பிடிக்காத கோட்டிங்’ என்று தனியாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு ஆள் அனுப்பி ஸ்ப்ரே அடித்துக் கொடுத்தார்கள். காய்ந்ததும் அந்தப் பையன் தண்ணீரை ஊற்றிக் காட்டினான். தாமரை இலைமேல் விழுந்த மாதிரி உருண்டு ஓடியது. மாமனார் அசந்துபோய் இன்னொரு தடவை ஊற்றச் சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை மகள் தட்டைச் சாய்த்ததில் சாம்பார் இருக்கைமேல் கொட்டியது. உடனே டிஷ்யூ வைத்து ஒற்றி எடுத்தோம். ஆனாலும் உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள், அதைச் சுற்றி எண்ணெய்ப் பசை. சோப்பு கீப்பு எதுவும் இன்னும் போடவில்லை. கடைக்குப் போன் செய்தால் “தண்ணி ஊத்திக் காட்டினோமே சார், கோட்டிங் இருக்கு” என்கிறார்கள். பக்கத்திலேயே தண்ணீர் விட்டுப் பார்த்தேன். அவர்கள் சொல்வதும் சரிதான், இன்னும் உருண்டுதான் நிற்கிறது!

அப்படியானால் சாம்பார் மட்டும் எப்படி இறங்கியது? கடையில் கிடைக்கும் ஸ்ப்ரேயை நானே வாங்கி அடிப்பதாக இருந்தால், முழு சோபாவிலும் அடிப்பதற்கு முன்னால் எப்படிச் சோதிப்பது? ஹாலில் ஒரு கார்ப்பெட்டும் இருக்கிறது. லேபிளில் பாதி கம்பளி, பாதி விஸ்கோஸ் என்று போட்டிருக்கிறது. அதற்கும் அடிக்கலாமா?

வெடிவால்:

சாம்பார் வைக்கிற வீட்டில் கிரீம் கலர் சோபா வாங்கியவர்கள் சங்கத்துக்கு நல்வரவு. தலைவர் பதவி என்னிடம் இருக்கிறது, நீங்கள் செயலாளர்.

விஷயத்துக்கு வருகிறேன். பில்லில் கோட்டிங் என்று தனி வரியாகப் போட்டிருக்கிறார்களா பாருங்கள். ‘எண்ணெய்’ என்ற வார்த்தை அதில் எங்காவது இருந்தால் விடாதீர்கள். கடையோடு பேசி ஆகவில்லையென்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண்.

பீன்யா லேப்:

பீன்யா பக்கம் துணிகளைச் சோதிக்கிற ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை, பாதி உண்மை. தண்ணீரைத் தள்ளுகிற கோட்டிங் வேறு, எண்ணெயையும் சேர்த்துத் தள்ளுகிற கோட்டிங் வேறு. தண்ணீரின் பரப்பு இழுவிசை சுமார் 72 மில்லிநியூட்டன்/மீட்டர். அது தன்னைத்தானே இறுக்கிப் பிடித்து உருண்டையாக நிற்கப் பார்க்கும் திரவம். சமையல் எண்ணெய்க்கு அதில் பாதிகூட வராது. பரந்து ஊறுவதுதான் அதன் சுபாவம். சிலிகான் கோட்டிங், மெழுகு கோட்டிங் எல்லாம் தண்ணீரை அழகாக உருட்டும், எண்ணெயை உள்ளே விட்டுவிடும். எண்ணெயையும் நிறுத்த ஃப்ளோரின் சேர்ந்த ரசாயனம் வேண்டும். உங்கள் சோபாவில் அடித்தது சிலிகான் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது விலை குறைவு, தண்ணீர் ஊற்றிக் காட்டினால் பார்ப்பதற்கும் ஜோராக இருக்கும்.

இன்னொன்று, பாலியெஸ்டர் இயல்பிலேயே தண்ணீரைக் குடிக்காத இழை. சில நெசவுகளில் கோட்டிங்கே இல்லாமல்கூடத் தண்ணீர் கொஞ்ச நேரம் நிற்கும். அதனால் தண்ணீர்ச் சோதனையை மட்டும் வைத்துக்கொண்டு கோட்டிங் இருக்கிறதா இல்லையா என்றுகூட அடித்துச் சொல்ல முடியாது.

ஆய்வகத்தில் இதற்கு இரண்டு தனித்தனிச் சோதனைகள் உண்டு. ஏஏடிசிசி என்கிற அமெரிக்கத் துணி வேதியியலாளர் சங்கம் வகுத்தவை. ஏஏடிசிசி 193 என்பது தண்ணீரில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிச் சொட்டு விட்டுப் பார்ப்பது. ஏஏடிசிசி 118 எண்ணெய்க்கு. அதில் 1 முதல் 8 வரை தரம், ஒவ்வொரு சொட்டையும் 30 விநாடி கவனிப்போம். முதல் தரத்துக்கான திரவம் வெறும் வெள்ளை மினரல் ஆயில்தான். மெடிக்கல் ஷாப்பில் மலச்சிக்கலுக்கு விற்கிற லிக்விட் பாரஃபின் கிட்டத்தட்ட அதே சரக்கு. சின்ன பாட்டில் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வாசனை கலக்காதது, வேறு மருந்து சேராதது என்று பார்த்து வாங்குங்கள்.

குஷனைப் புரட்டினால் அடிப்பக்கம், ஜிப் ஓரம், கண்ணில் படாத இடம் இருக்கும். அங்கே தண்ணீர் ஒரு சொட்டு, ஒரு விரல்கடை தள்ளி பாரஃபின் ஒரு சொட்டு. பக்கவாட்டில் குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள். சொட்டு குவிந்து, ஓரம் கூர்மையாக, அடியில் பளபளப்பாகத் தெரிந்தால் தாங்குகிறது. சொட்டுக்குக் கீழே துணி இருண்டு, குவியல் தட்டையாகிவிட்டால் ஊறிவிட்டது. அடிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் ஸ்ப்ரே அடித்திருக்க மாட்டார்கள். அதனால் அதே சோதனையைக் கைப்பிடிக்குப் பின்புறமும் செய்யுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற வித்தியாசம்தான் நீங்கள் கொடுத்த பணம்.

இது பாஸ் ஆனால் அடுத்தது தேய்மானம். ஸ்ப்ரே விற்கிறவர் யாரும் செய்து காட்டாத சோதனை இதுதான். அதே இடத்தை உலர்ந்த பருத்தித் துணியால் அழுத்தி ஒரு 100 தடவை தேய்த்துவிட்டு மறுபடி சொட்டு விடுங்கள். புதிதாக அடித்த கோட்டிங் எல்லாமே நன்றாகத்தான் நிற்கும். நாம் உட்காருவதும் நெளிவதும் அதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் சூடு. லேபில் விடும் சொட்டு அறை வெப்பத்தில் இருக்கும், சாம்பார் கொதிக்கக் கொதிக்க விழும். சூடான திரவம் சுலபமாக இறங்கும். அதன்மேல் முழங்கை ஊன்றினால் எந்தக் கோட்டிங்கும் தாங்காது. கோட்டிங் என்பது துடைக்க உங்களுக்குக் கொஞ்சம் அவகாசம் வாங்கித் தருகிற பொருள், அவ்வளவுதான்.

கம்மனஹள்ளி கிளீனர்:

சோபா, கார்ப்பெட் கிளீனிங் என் தொழில். அந்த மஞ்சள்மேல் சோப்புத்தூள், சோடா எதையும் போட்டுவிடாதீர்கள் அண்ணா. மஞ்சளில் இருக்கிற குர்குமின், சோப்பு, சோடாவில் இருக்கிற காரம் (ஆல்கலி) பட்டால் செக்கச் செவேல் என்று மாறும். அதைப் பார்த்துப் பயந்து இன்னும் தேய்ப்பார்கள், துணியின் பளபளப்பு போய்விடும். சிவந்துவிட்டாலும் கொஞ்சம் வினிகர் கலந்த தண்ணீர் ஒற்றினால் மஞ்சளுக்குத் திரும்பும்.

குர்குமினுக்கு ஆகாதது வெயில். உறை ஜிப் போட்டுக் கழற்றுகிற மாதிரி இருந்தால் கழற்றி பால்கனியில் நேர் வெயிலில் போடுங்கள். சிறிது சிறிதாக வெளுக்கும். எண்ணெய் மட்டும் மிஞ்சும், அதைத் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம். கழற்றும் முன் உறைக்குள் லேபிள் இருக்கும், அதைப் படியுங்கள். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் சார்ந்த கிளீனர் போடலாம். ‘எஸ்’ என்றால் சால்வென்ட், அதாவது தண்ணீர் சேராத கரைப்பான் மட்டும். இரண்டும் சேர்ந்திருந்தால் எதுவும் சரி. ‘எக்ஸ்’ என்றால் வேக்குவம் தவிர எதுவும் கூடாது. இந்த எழுத்தைப் பார்க்காமல் ஸ்ப்ரேயும் வாங்காதீர்கள், ஸ்ப்ரேயிலும் தண்ணீர் வகை, சால்வென்ட் வகை இரண்டும் இருக்கிறது.

சி.வி.ராமன் நகர் வாசி:

இருவருக்கும் நன்றி. லேபிளில் ‘டபிள்யூ’. உறை பால்கனியில் காய்கிறது.

லேப் அண்ணா சொன்னபடி பாரஃபின் வாங்கிச் சோதித்தேன். கைப்பிடிக்குப் பின்னால் தண்ணீர் முத்தாக நின்றது. பாரஃபின் சொட்டு விட்ட இடம் நான் டார்ச்சை எடுத்து வருவதற்குள் இருண்டு பரவிவிட்டது. குஷன் அடியில் தண்ணீரும் கொஞ்ச நேரத்தில் இறங்கியது, பாரஃபினும் இறங்கியது. ஆக, கோட்டிங் அடித்திருக்கிறார்கள், எண்ணெய்க்கு ஆகாத கோட்டிங். வெடிவால் கேட்ட பில்லைத் தேடி எடுத்தேன். ‘நீர் மற்றும் எண்ணெய் தடுப்பு’ என்றுதான் அச்சடித்திருக்கிறது. கைப்பிடிச் சோதனையை வீடியோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். மேனேஜரிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள்.

மாடித்தோட்டம்:

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் தவழுகிற குழந்தை இருக்கிறது. ஃப்ளோரின் கோட்டிங் உடம்புக்கு ஆகாது என்று படித்தேன். இது ஸ்காட்ச்கார்டு சமாச்சாரம்தானே? லேப் சார் சொல்ல முடியுமா?

பீன்யா லேப்:

நியாயமான கேள்வி மேடம். ஸ்காட்ச்கார்டு அமெரிக்காவின் 3எம் கம்பெனிச் சரக்கு. 1953-ல் ஆய்வகத்தில் ஒரு கலவை கான்வாஸ் ஷூமேல் தெறித்தது. அந்த இடத்தில் மட்டும் அழுக்கு ஒட்டவில்லை என்பதை பேட்ஸி ஷெர்மனும் சாமுவேல் ஸ்மித்தும் கவனித்துப் பிடித்துக்கொண்டார்கள். 1956-ல் விற்பனைக்கு வந்தது. அதன் மூலப்பொருள் வகையைச் சேர்ந்த பிஎஃப்ஓஎஸ் என்ற ஃப்ளோரின் ரசாயனம் மனித ரத்தத்திலும் சுற்றுச்சூழலிலும் மக்காமல் தங்குவது தெரிந்த பிறகு, அதை நிறுத்தப்போவதாக 2000-ல் அறிவித்துக் கலவையை மாற்றினார்கள். மக்காத நச்சுப் பொருள்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தமான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலிலும் 2009-ல் அது ஏறியது. பிஎஃப்ஓஎஸ் மாதிரியான ஃப்ளோரின் ரசாயனங்களின் குடும்பத்துக்கு பிஎஃப்ஏஎஸ் என்று பெயர். அந்தக் குடும்பத்தின் உற்பத்தியையே 2025 முடிவுக்குள் விட்டுவிடுவதாக 3எம் 2022-ல் அறிவித்தது.

இப்போது பல ஸ்ப்ரேக்களில் ‘பிஎஃப்ஏஎஸ் இல்லாதது’ என்று பார்ப்பீர்கள். நல்லதுதான், ஆனால் அவை சிலிகான், மெழுகு வகைகள். எண்ணெயை நிறுத்தும் என்று எதிர்பார்க்காதீர்கள். எண்ணெயைத் தடுக்கும் கோட்டிங் வேண்டுமென்றால் ஃப்ளோரின், அது வேண்டாமென்றால் சாம்பார் கறை. தவழுகிற குழந்தை கையை வாயில் வைக்கிற இடத்தில் நான் அடிக்க மாட்டேன். சோபாவுக்கு ஒரு கறை தேவலை.

யார் எதை அடித்தாலும் ஜன்னலைத் திறந்துவிட்டு அடியுங்கள். நுண்துளியாக மூச்சில் போனால் நுரையீரலைப் பாதிக்கும். குழந்தை, கூண்டுக் கிளி, மீன்தொட்டி அந்த அறையில் வேண்டாம். சால்வென்ட் வகையாக இருந்தால் சாமி விளக்கு, ஊதுபத்தி, அடுப்பு எல்லாம் அணைத்தாக வேண்டும். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

சி.வி.ராமன் நகர் சார், உங்கள் கார்ப்பெட்டைக் கேட்டிருந்தீர்கள். விஸ்கோஸ் (மரக்கூழிலிருந்து செய்கிற இழை) என்றால் கையை எடுங்கள். அதற்குத் தண்ணீரே கறை. நனைந்து காய்ந்தால் மயிர் படுத்துவிடும், பழுப்பு வளையம் வரும். தண்ணீர் வகை ஸ்ப்ரே அடித்தாலும் அதே கதிதான். லேபிளில் நம்பிக்கை இல்லையென்றால் ஓரத்திலிருந்து நாலைந்து இழை கத்தரித்து, இடுக்கியில் பிடித்து, வாஷ்பேசின் மேல் கொளுத்திப் பாருங்கள். முடி கருகும் வாடை வந்தால் கம்பளி. காகிதம் கருகும் வாடையும் லேசான சாம்பலும் விஸ்கோஸ். உருகிக் கெட்டியான மணியாகச் சுருண்டால் பாலியெஸ்டர், நைலான் மாதிரிச் செயற்கை இழை.

இதைப் படிக்கிறவர்களில் யாரிடமாவது நைலான் கார்ப்பெட் இருந்தால் அவர்களுக்கு வேறு ஒரு சோதனை. நைலானுக்கு எதிரி எண்ணெயைவிட சர்பத், ஜூஸில் போடுகிற சிவப்புச் சாயம். அது இழைக்கு உள்ளேயே போய்ப் பிடித்துக்கொள்ளும். ஏஏடிசிசி 175-ல் சிட்ரிக் அமிலம் கலந்த சிவப்பு உணவுச் சாயத்தை ஊற்றி, 24 மணி நேரம் விட்டு அலசிப் பார்ப்பார்கள். வீட்டில் சிவப்பு சர்பத்தில் எலுமிச்சை பிழிந்து, மிச்சமான ஒரு துண்டில் ஊற்றி மறுநாள் கழுவிப் பாருங்கள், தெரிந்துவிடும். பாலிப்ரொப்பிலீன் கார்ப்பெட்டுக்கு இந்தப் பயம் இல்லை, சாயம் போய் உட்கார அதில் இடமே கிடையாது. எண்ணெய் மட்டும் விடாப்பிடியாக ஒட்டும்.

வெடிவால்:

விஸ்கோஸ் கார்ப்பெட்டை “சில்க் மாதிரி சார்” என்று எனக்கும் விற்றார்கள். சங்கத்துக்குப் புதுக் கிளை திறந்துவிடலாம்.

சி.வி.ராமன் நகர் வாசி:

கடையில் கோட்டிங் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். வேறு ஸ்ப்ரே அடித்துத் தருகிறோம் என்றும் கேட்டார்கள், வேண்டாம் என்றுவிட்டேன். மகள் உட்கார்ந்து சாப்பிடுகிற இருக்கைக்கு மட்டும் துவைக்கக்கூடிய தடிமனான விரிப்பு. அம்மா முதல் நாளே பழைய பெட்ஷீட்டை எடுத்து நீட்டினாள், அப்போது நான்தான் சோபாவின் அழகு போய்விடும் என்றேன். கார்ப்பெட் படுக்கையறைக்குப் போய்விட்டது, அங்கே யாரும் சாப்பிடுவதில்லை.

உறையில் மஞ்சள் முக்கால்வாசி வெளுத்துவிட்டது. எண்ணெய் வளையம் மட்டும் அப்படியே. துவைத்தால் புது வளையம் வருமோ என்று பயமாக இருக்கிறது. எங்கள் அபார்ட்மெண்டில் போர்வெல் தண்ணீர்தான், குழாயெல்லாம் வெள்ளை பூத்துப்போயிருக்கிறது.

கம்மனஹள்ளி கிளீனர்:

பயம் நியாயம்தான் அண்ணா. நான் பார்க்கிற பாதி ‘கறை’ போர்வெல் உப்பு விட்டுப்போன வளையம். முதலில் சோள மாவை எண்ணெய் வளையத்தின்மேல் தடிமனாகக் கொட்டி ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வேக்குவம். அப்புறம் பாத்திரம் கழுவுகிற லிக்விட் இரண்டு சொட்டு, ஒரு டம்ளர் ஆர்ஓ தண்ணீரில். முதலில் உள்மடிப்பில் வைத்துச் சாயம் போகிறதா என்று வெள்ளைத் துணியால் ஒற்றிப் பாருங்கள். போகவில்லையென்றால் வளையத்துக்கு வெளியிலிருந்து நடுவை நோக்கி ஒற்றுங்கள். கடைசியில் வெறும் ஆர்ஓ தண்ணீரால் சோப்பு முழுக்கப் போகும்வரை ஒற்றி எடுங்கள். சோப்பு மிஞ்சினால் அந்த இடத்தில்தான் செம்மண் புழுதி வந்து ஒட்டும், இருக்கிற சிலிகானும் வேலை செய்யாது. காய வைக்கும்போது ஃபேன் காற்று துணியின் இரண்டு பக்கமும் படட்டும், இப்போது மழைக்காலம், ஒரு பக்கம் ஈரம் நின்றால் பூஞ்சை வாடை வரும்.