பத்தாவது படிக்கிற பெண்ணுக்கு எத்தனை செட் துணி போதும்?

மாம்பலம்_அம்மா:
பீரோவைத் திறந்தால் மகளின் துணி காலில் சரிகிறது. அவளோ “போட்டுக்க ஒண்ணுமே இல்லை” என்கிறாள். என் கணக்கு இது: யூனிஃபார்ம் போக, வெளியே போக 4, வீட்டுக்கு 3. தீபாவளிக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, அதற்கு மேல் கிடையாது. இது கஞ்சத்தனமா?

வடசென்னை_வாசி:
தாராளம், அக்கா. எனக்கு இரண்டு பையன்கள். ஆளுக்கு 2 பேன்ட், 4 சட்டை, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுத் துணிக்கடைகளில் ஒரே நடையில் எடுத்துவிடுவேன். இந்த வயதில் பேன்ட் கிழிவதற்கு முன்னாலேயே கணுக்காலுக்கு மேல் ஏறிவிடும். பத்து எடுத்தால் பத்தும் ஒரே சமயத்தில் சின்னதாகிவிடும்.

கல்லூரி_முதலாண்டு:
அண்ணா, பையன் கணக்கைப் பெண்ணுக்குப் போடாதீர்கள். மாதவிடாய் நாட்களுக்கு அடர்நிற பேன்ட் குறைந்தது இரண்டு தனியாக வேண்டும். டியூஷனுக்குக் கலர் டிரெஸ்தான். பத்தாவதில் என்னிடம் இருந்தது மூன்று சுடிதார். “பச்சை சுடிதாரா, அப்போ இன்னிக்கு செவ்வாய்க்கிழமை” என்று பின் பெஞ்சில் சிரிப்பார்கள். இன்றுவரை நான் பச்சையில் எதுவும் எடுப்பதில்லை.

வடசென்னை_வாசி:
சிரிக்கிறவர்களுக்காகத் துணி எடுத்தால் கடன்தான் மிஞ்சும், தங்கச்சி. சத்துணவு சாப்பிடும் பிள்ளைகளுக்கு எட்டாவது வரை அரசே வருஷத்துக்கு 4 செட் சீருடைதான் கொடுக்கிறது. அதை வைத்துப் பிள்ளைகள் ஓட்டவில்லையா?

கல்லூரி_முதலாண்டு:
சீருடையில் எல்லோரும் ஒன்று. நேற்றுப் போட்டதா, இன்று போட்டதா என்று யாருக்கும் தெரியாது. அதற்காகத்தானே சீருடை!

வேளச்சேரி_மூன்றாம்_மாடி:
எண்ணிக்கையைத் தீர்மானிப்பது கொடிக்கயிறுதான். எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை மெஷின் ஓடும். அதற்கு நாலு நாள் துணி கையில் இருக்க வேண்டும். சித்திரையில் மதியத்துக்குள் காய்ந்துவிடும், ஆனால் வேர்வைக்கு ஒரே நாளில் இரண்டு தடவை மாற்ற வேண்டியிருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையிலோ ஃபேனுக்கு அடியில் இரண்டு நாள் கிடந்தும் ஈர வாடை போகாது. ஜீன்ஸைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆக நாலோடு காய்வதற்கு இரண்டு, மொத்தம் 6. அப்புறம், யாருமே உள்ளாடையைக் கணக்கில் சேர்க்கவில்லையே? அதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், குறைந்தது எட்டு வேண்டும்.

தையல்_பாட்டி:
தைக்கக் கொடுத்தால் கீழே இரண்டு அங்குலம், பக்கத்தில் ஒரு அங்குலம் உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பிரித்துவிட்டால் ஆயிற்று. ரெடிமேடில் பிரிக்க ஒன்றும் இருக்காது.

மாம்பலம்_அம்மா:
நேற்று ராத்திரி பீரோவை மொத்தமாகக் கொட்டி ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். 23 உருப்படி. அத்தை மகள் கொடுத்தது, கல்யாணத்தில் வைத்துக் கொடுத்தது, தோளில் ஏறாதது எல்லாம் போக, போடக்கூடியது 5. அதிலும் இரண்டு வெளுத்துவிட்டது. மூன்று வருஷமாக நான் துணியை எண்ணியிருக்கிறேன், அளவைப் பார்க்கவே இல்லை. சனிக்கிழமை ரங்கநாதன் தெருவுக்குப் போகிறோம். முதலில் இரண்டு கறுப்பு லெகிங்ஸ்.

வடசென்னை_வாசி:
லெகிங்ஸோடு திரும்பி வந்தால் சரி, அக்கா. அந்தத் தெருவில் அது நடக்காது.

மாம்பலம்_அம்மா:
300 ரூபாய்தான் எடுத்துப் போகிறேன். ஜிபே போனை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு.