ஐ.நா. சபை உலக அமைதியைக் காத்ததா? மகளின் பட்டிமன்றத்துக்கு விவரம் வேண்டும்

கண்டனூர் மீனா
எல்லோருக்கும் வணக்கம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். அடுத்த வாரம் காரைக்குடியில் பட்டிமன்றம். ‘காத்தது’ என்ற அணியில் போட்டிருக்கிறார்கள். நேற்று முகப்பில் நின்று பேசிப் பார்த்தபோது அவள் ஐயா குறுக்கிட்டு, “2009ல முள்ளிவாய்க்கால்ல நம்ம சனம் செத்தப்ப இந்தச் சபை எங்க இருந்துச்சு?” என்று கேட்டுவிட்டார். பிள்ளை வாயடைத்துப் போனாள். ஒப்பிக்க மாட்டேன், நம்பித்தான் பேசுவேன் என்கிறாள். நம்பிப் பேச அதில் என்ன இருக்கிறது?

பள்ளத்தூர் சுப்பு
எனக்கு நம்பிக்கை இல்லை. 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் புகுந்த மறுநாளே, அதைக் கண்டித்து வந்த தீர்மானத்தை ரஷ்யாவே வீட்டோ (ஒரே நாடாக நின்று தீர்மானத்தை நிறுத்தும் உரிமை) போட்டுத் தடுத்தது. காசாவில் போர்நிறுத்தம் கேட்ட தீர்மானங்களை அமெரிக்கா தடுத்தது. அடித்தவனே தீர்ப்பை நிறுத்தலாம் என்றால் அது என்ன பஞ்சாயத்து?

ஓய்வுபெற்ற ஹவில்தார், சாக்கோட்டை
மீனாம்மா, பெரியவர் கேட்டது சரியான கேள்வி. அதைத் தாண்டிக் குதித்துப் பாப்பா பேசக் கூடாது.

நான் ஐ.நா. அமைதிப்படையின் நீலத் தொப்பி போட்டு ஆப்பிரிக்காவில் காங்கோ நாட்டில் இருந்தவன். நாட்டின் கிழக்கு ஓரம், கோமா நகரத்தைத் தாண்டி மலைக்காடு. எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்புக் கல் தரை, பூட்ஸ் அடியை அரித்துவிடும். ஆயுதக் கும்பல் வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், பொழுது சாயும் நேரத்தில் பக்கத்து ஊர்ப் பெண்கள் பாயும் சட்டியும் தலையில், பிள்ளை முதுகில் என்று வந்து எங்கள் கேம்ப் முள்கம்பியை ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள். விளக்கை அந்தப் பக்கம் திருப்பி வைத்து ராத்திரி முழுக்கக் காவல் நிற்போம். விடிந்ததும் மரவள்ளிக் கொல்லைக்குத் திரும்பிப் போவார்கள். கம்பி ஓரம் படுத்தவர்கள் உயிரோடு எழுந்து போனதை நான் பார்த்தேன். பாப்பா இதை யாருக்கும் பயப்படாமல் சொல்லலாம்.

கம்பிக்கு எட்டாத ஊர்களை யார் காப்பது? காங்கோ தமிழ்நாட்டைப் போல 18 மடங்கு பெரிது. ஐ.நா. படை நிறைய இருந்த காலத்திலேயே ஏறத்தாழ 20,000 பேர்தான். 2012 நவம்பரில் எம்23 கும்பல் கோமாவைப் பிடித்தபோது அந்தப் படையும் அங்கேதான் இருந்தது.

சபைக்கென்று சொந்தப் படை கிடையாது என்பது பலருக்குத் தெரியவில்லை. ஆள் அனுப்புவது இந்தியா, வங்கதேசம், நேபாளம் போன்ற நாடுகள். எத்தனை பேர் போகலாம், எப்போது சுடலாம் என்று எழுதிக் கொடுப்பது பாதுகாப்புச் சபையின் 15 நாடுகள். அதில் வீட்டோ வைத்திருப்பவை 5. 1994ல் ருவாண்டாவில் படைத் தளபதி டலேர் 5,000 பேர் கேட்டார். பாதுகாப்புச் சபையோ இருந்த 2,500 பேரையும் 270 ஆகக் குறைக்கத் தீர்மானம் போட்டது. சுமார் 100 நாளில் எட்டு லட்சம் பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

முள்ளிவாய்க்காலும் அப்படித்தான். 2008 செப்டம்பரில், பாதுகாப்புக்கு உத்தரவாதம் இல்லை என்று இலங்கை அரசு சொன்னதும் ஐ.நா. ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். போக வேண்டாம் என்று சனங்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். பாதுகாப்புச் சபை அந்தப் போரை முறையான விவாதத்துக்கே எடுக்கவில்லை. தவறியது உண்மை என்று 2012ல் ஐ.நா.வின் சொந்த விசாரணை அறிக்கையே ஒத்துக்கொண்டது. ஐயாவிடம் இதை மறைக்காமல் சொல்லச் சொல்லுங்கள்.

சண்டைக்காரர்கள் ஓய்ந்து, பெரிய நாடுகளும் ஒத்துழைத்த இடங்களில் சபை சாதித்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் பிடியில் இருந்த நமீபியாவைப் பாருங்கள். 1989ல் ஐ.நா. படைக்குத் தளபதி நம் பிரேம் சந்த். தேர்தல் ஒழுங்காக நடந்தது, 1990 மார்ச்சில் நாடு சுதந்திரம் பெற்றது. மொசாம்பிக்கில் பல வருட உள்நாட்டுப் போர் ஓய்ந்து 1994ல் சனங்கள் ஓட்டுப் போட்டார்கள். ரத்தம் சிந்தாததால் இதெல்லாம் செய்தியில் நிற்கவில்லை.

தேவகோட்டை வள்ளியம்மை
எங்கள் ஐயா ரங்கூனுக்குக் கொண்டுவிக்கப் போனவர், லேவாதேவிக் கடை. 1941 டிசம்பரில் ஜப்பான் குண்டு போட்டதும் கணக்குப் பேரேட்டைக்கூட எடுக்காமல் கிளம்பி, காடு மலையெல்லாம் நடந்தே வந்து சேர்ந்தார். அதற்கு முன்பே சர்வதேச சங்கம் என்று ஒரு சபை இருந்தது. சீனாவின் மஞ்சூரியாவைப் பிடித்ததைத் தட்டிக் கேட்டதும் 1933ல் ஜப்பான் எழுந்து வெளியே போனது. சங்கத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றைய சபையில் பெரிய நாடுகள் சண்டை போட்டுக்கொண்டாவது உட்கார்ந்திருக்கின்றன. 1962ல் கியூபாவில் அணு ஆயுதப் போர் மூள இருந்த வாரத்தில் அமெரிக்க அதிபர் கென்னடிக்கும் சோவியத் தலைவர் குருஷ்சேவுக்கும் ஒரே நாளில் கடிதம் எழுதி இருவருக்கும் அவகாசம் கிடைக்கச் செய்தவர், அப்போது ஐ.நா.வின் தற்காலிகப் பொதுச்செயலாளராக இருந்த ஊ தாண்ட். ஐராவதி டெல்டாவில் பள்ளி ஆசிரியராக இருந்த பர்மாக்காரர் அவர். மகளிடம் சொல்லுங்கள் மீனா, இதுவும் நம் வீட்டுச் சரித்திரத்தோடு சேர்ந்ததுதான்.

கண்டனூர் மீனா
முள்ளிவாய்க்காலை முதலிலேயே ஒத்துக்கொண்டுதான் ஆரம்பிப்பேன் என்கிறாள். எதிரணி ‘இத்தனை செலவில் இந்தச் சபை எதற்கு’ என்று கேட்டால்?

ஓய்வுபெற்ற ஹவில்தார், சாக்கோட்டை
2023ல் உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.4 லட்சம் கோடி டாலர். அமைதிப்படைக்கு 2024-25ல் ஒதுக்கியது 560 கோடி டாலர் அளவில்தான், நானூறில் ஒரு பங்குகூட இல்லை. அதையும் பெரிய நாடுகள் நேரத்துக்குக் கட்டுவதில்லை. இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக் கையில் வைத்துக்கொள்ளட்டும். நடுவர் மணி அடிப்பதற்குள் நமீபியாவைச் சொல்லிவிட வேண்டும்.